வரிசையில் அமுதினி

கடைசிக் கால்பங்கு ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம் என்று டிவியின் மூலையில் போட்டிருந்தது. அது பதினைந்து நிமிஷம் இல்லை என்று கோகிலவாணிக்குத் தெரியும். அமெரிக்காவில் இந்தக் கிரீன் பேக்கு வந்த ஏழு வருஷத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளாகவே தெரிந்துகொண்ட சங்கதி அது. ஃபுட்பால் என்பார்கள், ஆனால் பந்தைக் கையில் கவ்விக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனால் கடிகாரம் நிற்கும். எவனாவது விழுந்து எழுந்திருக்காமல் கிடந்தால் நிற்கும். ஓரத்தில் நிற்கிற கோச் கை காட்டினால் நிற்கும். நின்ற நேரத்தில் கார் விளம்பரம், முட்டிவலி மாத்திரை விளம்பரம், பீட்சா விளம்பரம் எல்லாம் வந்து போன பிறகு அந்த எண் மறுபடி ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கும். பதினைந்து நிமிஷம் இழுத்து இழுத்து ஒரு மணி நேரமாகிவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் இப்போது அவளுக்கு இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அவள் புருஷன் பூபதி எழுந்து கோட்டை மாட்டிக்கொள்வான், வீட்டுக்கார ராய்க்கும் அவன் பெண்டாட்டி டார்லீனுக்கும் கை கொடுப்பான், அதோடு இந்த வீட்டுக்கு வருவது முடிந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுச் சாமானோடு சிகாகோ பக்கம் வண்டி கிளம்புகிறது. அதற்கு முன்னால் நாளைக் காலையில் ராய் ஃபோனை எடுத்து அந்தப் பேரை எடுத்துவிடச் சொல்லிவிடுவான். பேர் எழுதின இந்த வருஷத்துக் கார்டு அதோ கூடத்து ஓரச் சமையல் மேடையில், டார்லீன் நாற்காலிக்குப் பக்கத்தில், சிப்ஸ் தட்டுக்கு அடியில் இருந்தது. பச்சை நிறத்தில் ஒரு மூலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டுக்குப் பக்கத்திலேயே தக்காளிச் சட்னி மாதிரி ஒன்றைக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். டார்லீன் சிப்ஸை அதில் முக்கி எடுக்கும்போதெல்லாம் ஒரு சொட்டு கார்டின்மேல் விழும்போல இருந்தது. விழவில்லை. அடுத்த தடவை விழும். எழுந்து போய் நகர்த்தி வைத்தால் என்ன, நாலு எட்டு, போய் நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள். மடியில் ஒன்பது மாதத்துச் செந்தூரன் அவள் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். எச்சில் வழிந்து ரவிக்கை நனைந்தது. அவள் முக்காலியை விட்டு எழவில்லை.

இடைவேளையில்தான் பூபதி அதைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தான். வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் அவள் வைத்திருந்ததை எப்போது எடுத்தான் என்றே தெரியவில்லை. "ராய், இந்தப் பேரை எடுத்துடச் சொல்லிடறயா? நீ கொடுத்த பேருதானே. நாங்க போற ஊருக்கு இது வர வேண்டாம்" என்று இங்கிலீஷில் சொன்னான். அவளுக்கு இங்கிலீஷ் பேச வராது என்றாலும் கேட்டால் இப்போதெல்லாம் முக்கால்வாசி புரியும். ராய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் கார்டைப் பார்த்தான். பூபதியோடு காகித ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்தவன், பெரிய உடம்பு, பூபதி என்று சொல்ல நாக்கு வளையாமல் முதல் நாளிலிருந்தே பூ என்று கூப்பிடுகிறவன். "நிச்சயமாத்தானா, பூ?" என்று கேட்டான். பூபதி தலையாட்டினான். அவளைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளைக் கேட்டால் சிரிப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையை ஆட்டிவிடுகிற பழக்கம், பள்ளிபாளையத்தில் எட்டாவதோடு நிறுத்தித் தறிப்பட்டறையில் நூல் தார் சுற்ற அனுப்பினபோதுகூட அப்படித்தான் சிரித்தாள். "சரி, நாளைக்குக் காலையில பேசறேன்" என்று சொல்லி ராய் அதைத் தட்டுக்கு அடியில் செருகினான். அவ்வளவுதான். ஒரு பேரை எடுப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது.

வைக்கும்போது மட்டும் எத்தனை ஆரவாரம். மூத்தவள் அமுதினி பிறந்த நாலாம் நாள் ராய் ஆஸ்பத்திரிக்கே பச்சையும் மஞ்சளுமாகக் குல்லா போட்டுக்கொண்டு வந்து நின்றான். "தொட்டில் கிட்டில் எல்லாம் அப்பறம் வாங்கிக்கலாம் பூ, இந்த ஊர்ல பிள்ளை பொறந்தா மொதல்ல செய்ய வேண்டியது இது" என்று அவனே ஃபாரத்தைக் கொண்டுவந்து, எழுத்து எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினான். மைதானத்தில் வருஷத்து ஆட்டம் எல்லாவற்றுக்கும் சொந்தமாக உட்கார இடம் வேண்டுமென்றால் வரிசையில் பேர் இருக்க வேண்டுமாம். கிடைத்தவர்கள் யாரும் விடுவதில்லை, அப்பனுக்குப் பிறகு மகனுக்குக் காடு கரை போகிற மாதிரி அந்த இடமும் போகுமாம். அதனால் வரிசை நகரவே நகராது. ராயின் பேரை அவன் அப்பா கொடுத்து முப்பத்துநாலு வருஷம் கழித்துத்தான் அவனுக்கு இடம் வந்தது, அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ராய் சிரிப்பான். வருஷத்துக்கு ஒரு கார்டு வரும், நீ இத்தனையாவது ஆள் என்று. முதல் கார்டில் அமுதினி ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள். இத்தனூண்டு இருந்துகொண்டு, நிற்கக்கூட இன்னும் பழகாமல், பின்னால் கடைசியில் போய் நின்றுகொண்டாள். இரண்டாவது கார்டு வந்தபோது அவள் இல்லாமல் போய் எட்டு மாதம். பெட்டியில் மற்றக் கடிதங்களோடு கிடந்ததை எடுத்து கோகிலவாணி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அமுதினி பூபதி. அப்புறம் எண். அதில் நானூற்றைம்பது குறைந்திருந்தது. முதலில் தப்பாக வந்திருக்கிறது என்று நினைத்தாள், அப்புறம் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நடந்திருக்கிறாளே. வீட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து நாலு எட்டு வைத்தவள் அங்கே நானூற்றைம்பது பேரைத் தாண்டி வந்திருக்கிறாளே. பூபதி சாயங்காலம் வந்து பார்த்தான். "வருசத்துக்கு நானூத்தம்பது பேருன்னா முந்நூறு வருசமாகும் அம்மிணி. எதுக்கு இந்தக் கூத்து" என்று சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போனவன், தண்ணீரைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவளுக்கோ அந்தக் கணக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முந்நூறு வருஷம். தான் போய், பூபதி போய், ராய் போய், எல்லோரும் போன பிறகும் அந்தப் பேருக்கு இன்னும் நகர வேண்டிய தூரம் இருக்கும்.

"எழுந்திரு கரடி, எழுந்திரு!" என்று டார்லீன் கத்தினாள். செந்தூரன் திடுக்கிட்டுத் தாலியை விட்டுவிட்டுத் திரும்பினான். சிகாகோக்காரன் ஒருவன் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிக் கடைசிக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தான். ராய் தலையில் கை வைத்துக்கொண்டான். இந்த வீட்டுக் கூடத்தில் நட்டநடுவே தரையில் நீல டேப் ஒட்டியிருக்கும், கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தானாம். டேப்புக்கு இந்தப் பக்கம் ராயின் கிரீன் பே, அந்தப் பக்கம் டார்லீனின் சிகாகோ. டார்லீன் பிறந்த ஊர் சிகாகோ, இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை, பிள்ளைகள் எல்லோரும் பச்சைச் சட்டை போட்டு வந்து அவளைக் கிண்டல் செய்கிறார்களாம். இந்தப் பக்கத்து நாலு ஊர் அணிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பகை உண்டு. மினசோட்டாக்காரர்கள் ஊதா நிறம், கொம்பு வைத்த தொப்பி, ஆட்டத்துக்கு முன்னால் கொம்பு ஊதுவார்கள். டெட்ராய்ட்டுக்காரர்கள் சிங்கம், நவம்பரில் வான்கோழி தின்கிற அந்த வியாழக்கிழமை வருஷா வருஷம் அவர்கள் ஊரில் ஆட்டம் உண்டு. ஆனால் சிகாகோக்காரர்கள் கரடி, அந்தக் கரடியோடுதான் நூறு வருஷப் பகை. அது அவளுக்குப் புரியாத விஷயமில்லை. காவிரிக்கு இந்தக் கரை பள்ளிபாளையம், அந்தக் கரை ஈரோடு, கபடி என்றால் பாலத்தின் நடுவிலேயே சண்டை வரும், பாலத்தைத் தாண்டித்தான் பொண்ணும் எடுப்பார்கள். ராயும் டார்லீனும் அப்படித்தான். தோற்றவர் ஜெயித்தவர் கட்சிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருப் பார்க்க வாசல் பனியை வாரிப்போட வேண்டும். "செவ்வாய்க்கெழமையிலேருந்து இந்தப் பையன் எங்க ஊர்க்காரன், ராய். கரடிக்குட்டி. சட்டை வாங்கி வச்சாச்சு" என்று டார்லீன் செந்தூரனைப் பார்த்துக் கண்ணடித்தாள். "போட்டுத்தான் பாரேன். நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்து கழட்டி எறிஞ்சிட்டுப் போவேன்" என்றான் ராய். "அதுக்குள்ள அவன் ரெண்டு மூட்டை டயாபரை நனைச்சிருப்பான், அதையும் மாத்திட்டுப் போ" என்றாள் டார்லீன். பூபதி சிரித்தான். அவன் சிரிப்பது மட்டும் தனியாகக் கேட்டது. ஆலையில் அவன் ஓட்டின மெஷினை நிறுத்தி வேலை போன பிறகு மூன்று மாதமாக அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்கவில்லை. சிகாகோ பக்கம் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, புது ஊர், புது வீடு, ஜன்னலுக்கு எதிரே மரம் இருக்கிறதாம், இந்த ஊரின் எதுவும் அங்கே வர வேண்டாம் என்று நினைக்கிறான். நினைக்கட்டும். நினைக்க வேண்டியதுதான். ஆனால் எதுவும் என்றால் எல்லாமா.

"கோக்கி, உனக்குக் கால் மரத்துப்போச்சுன்னா எழுந்து நடந்துக்கோ" என்று ராய் அவளைப் பார்க்காமல் சொன்னான். கோகிலவாணியும் அவன் நாக்குக்குக் கோக்கிதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் நாலைந்து தடவை சொல்லிவிடுகிறான். தண்ணி குடிச்சுக்கோ, எழுந்துக்கோ, பையனைத் தூக்கிட்டு உள்ள போறதுன்னா போ. நாலு வருஷமாகச் சொல்கிறான். முன்பெல்லாம் அப்படிச் சொல்ல மாட்டான். முன்பு வேறு மாதிரி. அங்கே போகாதே என்று அவள் மனசுக்குச் சொன்னாள், கார்டைப் பார், மூலையைப் பார், சொட்டு விழுகிறதா பார். மனசு அங்கேதான் போயிற்று. இந்த முக்காலி. அமுதினி வயிற்றில் இருந்தபோது நாற்காலியில் சாய முடியாமல் அவள் இதில் வந்து உட்கார்ந்தாள், அன்றைக்குத் தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்தார்கள். அடுத்த வாரமும் உட்கார்ந்தாள், ஜெயித்தார்கள். "கோக்கி அங்க உக்காந்தா நாம ஜெயிக்கிறோம்!" என்று ராய் கூவினான். அதற்கப்புறம் ஆட்டம் நடக்கும்போது யாரும் இடம் மாறக்கூடாது, அதிலும் மூன்றாவது தடவை பந்தை எடுக்கும்போது அவள் அசையவே கூடாது. நாலு தடவைக்குள் பத்து கஜம் நகர வேண்டிய ஆட்டத்தில் மூன்றாவதுதான் உயிரைக் கையில் பிடிக்கிற தடவை. ராயின் தம்பிமார்கள், அவர்கள் பெண்டாட்டிமார்கள், ஆலை ஆட்கள் எல்லோரும் கூடத்தில் நிறைந்திருந்து "கோக்கி இருக்காளா, சரி" என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். கடையில் காசு கொடுக்கும்போதுகூட அவள் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்காத ஊரில் பன்னிரண்டு பேர் அவளைப் பார்த்து நிம்மதியானார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, அவளுக்கு அது பிடித்திருந்தது.

அன்றைக்கு மினசோட்டாவோடு ஆட்டம். டார்லீனின் படுக்கை அறையில் அமுதினி தூங்கிக்கொண்டிருந்தாள், பதினாலு மாதம், காலையிலிருந்து பாலைச் சரியாகக் குடிக்கவில்லை, பல் முளைக்கிறது என்று நினைத்தார்கள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. கடைசிக் கால்பங்கில் இருமல் ஒன்று கேட்டது. ஒரே இருமல். இருமல்கூட இல்லை, தொண்டையைச் செருமுகிற மாதிரி, பெரியவர்கள் பேச ஆரம்பிக்கும் முன்னால் செருமுவார்களே அப்படி. அவள் எழுந்திருக்கப் போனாள். பாதி எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம், உடம்பு அந்தப் பாதியை இன்னும் மறக்கவில்லை. "கோக்கி, யாரும் அசையக்கூடாது! மூணாவது தடவை!" என்று ராய் கையை நீட்டிக் கத்தினான், எல்லோரும் சிரித்தார்கள், "உக்காரு உக்காரு" என்றார்கள். பக்கத்திலிருந்த பூபதி அவள் முழங்கையைப் பிடித்து, "இரு அம்மிணி, இந்த ஒண்ணு முடியட்டும்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்த ஒன்று முடிந்தது, பத்து கஜம் கிடைத்தது, மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், கடிகாரம் நின்றது. விளம்பரம் வந்தது. அப்போது போயிருக்கலாமே, விளம்பரத்தில் யார் தடுக்கப் போகிறார்கள். போயிருக்கலாம். ஏன் போகவில்லை. உள்ளே சத்தமில்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள். நினைத்தாளா, அல்லது எழுந்தால் மறுபடி எல்லோரும் பார்ப்பார்களே என்று வெட்கப்பட்டாளா. அவர்கள் கடிகாரத்தில் நாலு நிமிஷம். நிஜத்தில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். ஜெயித்து, எல்லோரும் குதித்து, ராய் யார் யாரையோ தூக்கிச் சுற்றி, அதற்குப் பிறகு அவள் உள்ளே போனபோது உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கும், யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பூபதியிடம் சொல்லி, பூபதி அவளிடம் சொன்னான். எந்த இருமலைப் பற்றியும் யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. அவள் பூபதியிடமும் கேட்கவில்லை. முழங்கையைப் பிடித்ததை அவன் மறந்திருப்பான். ஆம்பளைக்கு ஆட்டம் நடக்கும்போது எங்கே கை வைத்தோம் என்ன சொன்னோம் என்று நினைவிருக்குமா. மறந்திருந்தால் நல்லது. மறந்தே இருக்கட்டும்.

டிவியில் கூட்டம் எழுந்து நின்று அலறியது. சிகாகோ கோட்டைத் தொட்டுவிட்டது. டார்லீன் எழுந்து டேப்புக்கு அந்தப் பக்கமாகவே ஒரு சுற்று ஆடினாள், உட்காரும்போது சிப்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கார்டும் கூடவே ஒரு விரல்கடை நகர்ந்தது. இப்போது பேரின் கடைசி எழுத்து தெரிகிற மாதிரி இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. ஊரில் பிள்ளைகளைப் புதைப்பார்கள், எரிக்க மாட்டார்கள். பல் முளைக்காத பிள்ளையை, நடை பழகாத பிள்ளையை எரிக்கிற வழக்கம் அவர்கள் பக்கம் இல்லை. இங்கே கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் வந்து மெதுவான குரலில் ஏதோ கேட்டார், எரிப்பதா புதைப்பதா என்றுதான் கேட்டிருக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று அவளுக்கே தெரியாது. அந்த நேரத்தில்கூடச் சிரித்தாளோ என்னவோ. பூபதி சாம்பலை எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்குப் போய் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டு வந்தான். மாமியார் ஃபோனில், "புள்ளையப் போயி எரிச்சுப்போட்டீங்களே சாமி, ஒரு குழி வெட்டி ஒரு பூச்செடி வெச்சிருந்தா நாளைக்கு நின்னு பாக்கறதுக்கு எடமாவது இருக்குமல்லோ" என்று அழுதாள். திட்டவில்லை, அழுதாள். திட்டியிருந்தால் தேவலை. நின்று பார்க்க இடமில்லை. இந்த ஊரில் இல்லை, அந்த ஊரில் ரேஷன் கார்டில் பேர் ஏறவே இல்லை, தண்ணீரில் போனது எந்தக் கடலில் இருக்கிறதோ. பேர் எழுதி, அந்தப் பேர் இன்னும் இருக்கிறது, இங்கே நிற்கிறது, இத்தனாவதாக நிற்கிறது என்று சொல்கிறவர்கள் உலகத்தில் அந்த மைதானத்துக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கு அவள் செத்தது தெரியாது. தெரியாததனால் வருஷம் தவறாமல் விசாரிக்கிறார்கள். நாளைக்கு ராய் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். ஒரு பொத்தானைத் தட்டுவார்கள். அவளுக்குப் பின்னால் நிற்கிற ஒரு குழந்தை ஒரு எட்டு முன்னால் வரும். அவ்வளவு பேருக்கு நடுவே தனியாக நிற்கிற பிள்ளையை, அம்மா இங்கேதான் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறாள் என்று நம்பிக்கொண்டு நிற்கிற பிள்ளையை, யாரோ தோளைத் தொட்டு நீ போ என்று சொல்லுவார்கள். எங்கே போகும்.

"ரெண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றான் பூபதி. கடிகாரத்தை அங்கே எப்போதும் ஒரு தடவை நிறுத்துவார்கள். கிரீன் பே நாலு புள்ளி பின்னால். செந்தூரன் அழ ஆரம்பித்து, அவள் முதுகைத் தட்ட, தூங்கிப் போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள், சூடாக மூச்சு வந்தது, எடுத்தாள், மறுபடி வைத்தாள். ராத்திரி பகல் என்று இல்லாமல் இது ஒரு வேலை. புது ஊரில் இப்படி ஆட்டம் பார்க்கிற வீடு இருக்காது, முக்காலி இருக்காது, எழுந்துக்கோ என்று பார்க்காமலே சொல்லுகிற ராய் இருக்க மாட்டான். அவனுக்கும் தெரியும். அவன் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் கூடத்தில் யாரையும் உட்காரு என்று சொன்னதே இல்லை, தம்பிமார்களைக் கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. எழுந்துக்கோ எழுந்துக்கோ என்கிறான், இவளோ அதே முக்காலியில் வந்து வந்து உட்காருகிறாள். எதற்காக என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவேளை அந்த நாலு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து அளந்து பார்க்கிறாளோ. இத்தனை ஆட்டம் அளந்தும் ஒரு தடவைபோல் ஒரு தடவை இல்லை. விளம்பரம் முடிந்தது. முதல் தடவை, பந்து கீழே விழுந்தது. இரண்டாவது தடவை, நாலு கஜம். ராய் நாற்காலி நுனிக்கு வந்தான். டார்லீன் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது தடவை, ஆறு கஜம் வேண்டும் என்று டிவியில் எழுத்து வந்தது. ஆட்கள் குனிந்து தரையில் கை ஊன்றினார்கள். டார்லீன் வாயிலிருந்து ஒரு கையை எடுத்து, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலேயே, சட்னிக் கிண்ணத்தைத் துழாவினாள்.

கோகிலவாணி எழுந்தாள். எழுந்துவிட்டோம் என்பது முழங்கால் நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது. தோளில் செந்தூரன் கனத்தான். டிவிக்குக் குறுக்கே போனால்தான் மேடைக்குப் போக முடியும், குறுக்கே போனாள். "இரு அம்மிணி, இந்த ஒண்ணு" என்று பூபதி கையை நீட்டினான். நீட்டின கை அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றது. மிச்ச வார்த்தை வரவில்லை. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு வருஷமாகப் பார்க்காத முகம். ரத்தமெல்லாம் வடிந்து, உதடு மட்டும் அந்த வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் துடித்தது. மறக்கவில்லை. ஐயோ, இந்த மனுஷன் மறக்கவே இல்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நேரமும் இதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதனால்தான் கார்டு வேண்டாம் என்கிறான். டிவியில் ஏதோ நடந்தது, கூட்டம் அலறியது, யார் கூட்டம் என்று தெரியவில்லை. டார்லீன் ஜெயித்த சத்தம் போடவில்லை, தோற்ற சத்தமும் போடவில்லை. ராய் டிவியைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, பெரிய கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தட்டைத் தூக்கி நகர்த்திவிட்டுக் கார்டை எடுத்தாள். சொட்டு ஒன்றும் விழவில்லை, ஓரத்தில் எண்ணெய் மட்டும் பட்டிருந்தது, முந்தானையால் துடைத்தாள். திருப்பினால் பின்பக்கம் வீடு மாறியிருந்தால் எழுத என்று கோடு போட்டிருந்தது. அது எதற்கென்று கார்டு வந்த அன்றைக்கே எழுத்துக் கூட்டிப் பார்த்து வைத்திருந்தாள். ஃபோனுக்குப் பக்கத்தில் பேனா இருந்தது. பிள்ளையை ஒரு தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்தாள். "என்ன பண்ணறே?" என்றான் பூபதி. பின்னாலேயே வந்து நின்றிருந்தான். "அட்ரஸ் எழுதறனுங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இத்தனை பேருக்கு நடுவில் அது கேட்டுவிட்டது. "புது வீட்டு நம்பர் என்னங்க?" அவள் பேனாவைக் கோட்டின்மேல் வைத்தபடியே இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. சிரித்தால் எல்லாம் போய்விடும். "எனக்கு அது வேணுமுங்க" என்றாள் கார்டைப் பார்த்தே. "வந்துட்டு இருக்கோணும். நீங்க பாக்க வேண்டாம். நான் எடுத்து வெச்சுக்கறன்." டிவியை யாரோ சத்தமில்லாமல் ஆக்கினார்கள். பூபதியின் கை வந்து தூங்குகிற பிள்ளையை அவள் தோளிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டது. "ரெண்டு" என்றான் பூபதி. எழுதினாள். "ஒண்ணு. ஒம்போது." எழுதினாள். தெருப் பேரை இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சை இழுத்துக்கொண்டான், அவள் பெரிய எழுத்தாகவே எல்லாவற்றையும் எழுதினாள், சின்ன எழுத்து அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஊர்ப் பேரையும் சொல்லி முடித்தான். அதற்குக் கீழே இன்னொரு கோடு. "இங்க கையெழுத்து கேக்குதுங்க. யாரு போடறது?" பூபதி பிள்ளையின் தலைமுடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தான். "பாப்பா பேருதானே அது. பாப்பாவைப் போடச் சொல்லு" என்றான்.

இருந்திருந்தால் இந்த வருஷம் எழுதப் பழகியிருப்பாள். கோகிலவாணி கோட்டின்மேல் தமிழில் அ போட்டாள். சுழி பெரிதாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மு போட்டாள், அது அ-வை விட்டுத் தள்ளி, கொஞ்சம் சாய்ந்து, தனியாக நின்றது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. இன்னும் இரண்டு எழுத்து இருந்தது.